மிளகு வருவதற்கு முந்தின 25 நாட்கள்

நாய்க்குட்டியைப் பார்க்கப் போன அன்று அதற்கு 35 நாள். நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள டேஷண்ட் இனம், கருப்பு உடம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே பழுப்புப் பொட்டு. என் மகள் அங்கேயே மிளகு என்று பெயர் வைத்துவிட்டாள். விற்பவர் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார், தாய்ப்பாலை மறந்துவிட்டது, பால் சாதம் பிசைந்து கொடுத்தால் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. விதியை விடுங்கள், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான், அதுவும் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். முன்பணம் கொடுத்து, 60-ஆம் நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய துண்டையும் தாய் படுக்கிற இடத்தில் போட்டுவைக்கக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆக எனக்குக் கிடைத்தது 25 நாள். நாங்கள் இருப்பது சென்னையில் ஒரு வாடகை வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எல்லா அறையிலும் வழுவழுப்பான விட்ரிஃபைடு டைல்ஸ். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. அதனால் ரம்பம், டேப், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் என் கையில்தான்.

முதல் இரண்டு நாள் நானும் எல்லோரையும் போலப் பொம்மை, படுக்கை, கழுத்துப்பட்டை என்று பட்டியல் போட்டேன். மூன்றாம் நாள் கால்நடை டாக்டரிடம் பேசப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சோஃபா எவ்வளவு உயரம்? தரை டைல்ஸா?" என்பதுதான். அதோடு என் பட்டியல் தலைகீழாகிவிட்டது.

டேஷண்டின் முதுகுதான் அதன் பலவீனம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டுகள் இந்த இனத்தில் சின்ன வயதிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். கால் குட்டையாவதோடு சம்பந்தப்பட்ட மரபணு மாற்றமே இதற்கும் காரணம். கெட்டியான தட்டு ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால் இரண்டும் போய்விடலாம். ஏறக்குறைய நாலில் ஒரு டேஷண்டுக்கு இந்தப் பிரச்சினை வருகிறது என்றார் டாக்டர். சோஃபாவில் ஏறி இறங்கச் சாய்தளப் பலகை போட்டால் வராது என்று அவர் உத்தரவாதம் தரவில்லை. எடை கூடாமல் இருக்க வேண்டும், தினமும் நன்றாக நடந்து தசை வலுவாக இருக்க வேண்டும், அதோடு வழுக்கலையும் குதித்தலையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள் என்றார். சரி, தரையிலிருந்தே ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தேன்.

தரைக்கு முதலில் வாங்கியது குழந்தைகள் அறையில் போடுவார்களே, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் மேட், அது. பார்க்க அழகாக இருந்தது, விலையும் குறைவு. ஆனால் வீட்டில் ஏற்கனவே நாய் வளர்க்கிற பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, ஓரத்துப் பல்லைக் கையால் பிய்த்துக் காட்டினார். என் நகத்துக்கே பிய்ந்து வந்தது. ஊசி மாதிரிப் பால் பல் இருக்கிற குட்டிக்கு இது எம்மாத்திரம்? பிய்ப்பது பிரச்சினை இல்லை, விழுங்கினால் அது கரையாது, குடலில் போய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே சுருட்டி எடுத்துவைத்துவிட்டேன். கோரைப்பாயும் வேண்டாம், ஒவ்வொரு கோரையாக உருவிவிடும்.

கடைசியில் கைகொடுத்தது பரணில் கிடந்த பவானி ஜமக்காளங்கள். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தவை, மூன்று. கெட்டிப் பருத்தி, அழுத்தமான நெசவு, மூத்திரம் போனால் அலசிக் காயப்போட்டுவிடலாம். ஆனால் டைல்ஸ் மேல் ஜமக்காளம் அப்படியே நழுவும், அது வெறும் தரையை விட மோசம். கார்ப்பெட் கடையில் விரிப்புக்கு அடியில் போடும் ரப்பர் வலை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதை வாங்கி அடியில் விரித்ததும் ஜமக்காளம் அசையவே இல்லை. இன்னொன்றும் செய்தேன்: இரண்டு முனையிலும் தொங்கும் குஞ்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டேன். நீள நூலை நாய் விழுங்குவது துணியை விழுங்குவதை விட ஆபத்து, குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துவிடும். ஹாலிலிருந்து படுக்கையறை வரைக்கும், அங்கிருந்து பால்கனிக் கதவு வரைக்கும் இப்போது ஒரே ஜமக்காளப் பாதை. வீடு முழுக்க மூட வேண்டியதில்லை, அது ஓடித் திரும்புகிற வழியில் பிடிப்பு இருந்தால் போதும்.

அடுத்தது சந்து பொந்து. டேஷண்ட் என்ற பெயரே ஜெர்மன் மொழியில் வளைக்கரடி நாய் என்று பொருள்படும், வளைக்குள் புகுந்து பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். இடுக்கைக் கண்டால் நுழையாமல் இருக்காது. எந்த இடுக்கை அடைப்பது, எதை விடுவது என்று குழப்பமாக இருந்தபோது மகளின் டென்னிஸ் பந்தை எடுத்தேன். பந்தின் குறுக்களவு இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு மாதக் குட்டியின் தலை அதைவிடச் சற்றுப் பெரியது. பந்து நுழையாத இடத்தில் குட்டியும் நுழையாது. மகள் ஒரு சனிக்கிழமை முழுக்க வீடெங்கும் பந்தை உருட்டினாள், உள்ளே போன இடத்திலெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். மொத்தம் பதினொரு குறி. ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்கு அடியில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், இன்வெர்ட்டர் பேட்டரி டிராலிக்கு அடியில். இந்தக் கடைசி இடத்தை நான் யோசித்தே பார்க்கவில்லை, பேட்டரியிலிருந்து கசிகிற அமிலம் அங்கேதான் இருக்கும். மிச்ச பிளைவுட் துண்டுகளை வெட்டி எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுத்தேன். சோஃபாவுக்கு அடியில் மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன், பயந்தால் ஒளிந்துகொள்ள ஒரு இடம் அதற்கும் வேண்டும்.

பால்கனிதான் எனக்குத் தூக்கம் கெடுத்த இடம். கம்பிக்குக் கம்பி நான்கு அங்குலம், கீழே இரண்டு மாடிப் பள்ளம். பந்து தாராளமாக வெளியே போனது. (மகள் கீழே இறங்கிப் போய் எடுத்து வந்தாள்.) செடிக் கடையில் விற்கும் பச்சைப் பிளாஸ்டிக் வலை வாங்கிக் கட்டலாம் என்று இருந்தேன், ஃபோம் மேட் அனுபவத்துக்குப் பிறகு மனம் ஒப்பவில்லை. ஹார்டுவேர் கடையில் வெல்டு செய்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) வலை, ஒரு அங்குலக் கண், இரண்டரை அடி உயரத்தில் தேவையான நீளம் வெட்டித் தரச் சொன்னேன். வெட்டிய முனை ஒவ்வொன்றும் ஊசி. அவற்றைப் பிளையரால் வெளிப்பக்கமாக மடக்கி, அரம் போட்டுத் தேய்த்தேன், இதற்கே ஒரு முழு மாலை ஆனது. கம்பிகளில் கட்டுவதற்குக் கேபிள் டை போட்டேன், முடிச்சும் வாலும் வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி. அடியில் தரைக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி விடவே கூடாது, அங்கேதான் முதலில் மூக்கை நுழைக்கும். இவ்வளவு செய்தும் பால்கனிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே போவதில்லை என்பது வீட்டுச் சட்டம்.

பால்கனிச் செடிகளில் அரளித் தொட்டி இரண்டையும் மொட்டைமாடிக்கு ஏற்றினேன். அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும். மணி பிளான்ட்டைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து எச்சில் ஒழுகும், கற்றாழையும் வயிற்றைப் புரட்டும், அவை இரண்டும் ஆணியில் தொங்கும் தொட்டிக்கு மாறின. துளசியும் செம்பருத்தியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செடிக்கு உரமாக ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறவர்கள் நாய் இருக்கும் வீட்டில் தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும், மண்ணைத் தோண்டித் தின்னும், அதில் இருக்கும் ரிசின் என்ற நஞ்சு கொன்றுவிடும். எங்கள் ரோஜாத் தொட்டியில் அது இருந்தது. மேல் மண் முழுவதையும் அள்ளிக் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் அப்புறப்படுத்தினேன், அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

சமையலறைக்குக் கதவு கிடையாது, நிலைச் சட்டம் மட்டும்தான். அடுப்பில் எண்ணெய் காயும்போது காலுக்கடியில் குட்டி ஓடக் கூடாது, வெங்காயம், பூண்டு, திராட்சை, முந்திரிப் பாயசத்திலிருந்து எடுத்துப் போட்ட உலர்திராட்சை எதுவும் கீழே விழுந்து அதன் வாய்க்குப் போகக் கூடாது. இரண்டடி உயரப் பிளைவுட் பலகை, இரு பக்கமும் அலுமினியச் சேனல், மேலிருந்து சொருகி எடுக்கிற மாதிரி ஒரு தடுப்பு செய்தேன். சுத்தமான வேலை, எனக்கே திருப்தி. மறுநாள் காலையில் அம்மா காபி டம்ளருடன் அதைத் தாண்டப் பார்த்துத் தடுமாறி நிலையைப் பிடித்துக்கொண்டார். "நாய்க்குக் கதவு போட்டே, எனக்கு எங்கேடி போட்டே?" என்று கேட்டார். கேட்டது நியாயம். உள்ளே போக ஒவ்வொரு தடவையும் குனிந்து பலகையைத் தூக்க அவரால் முடியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சேனலைக் கழற்றிவிட்டு, ஹவுஸ் ஓனரிடம் கேட்டு, நிலையில் இரண்டு கீல் அடித்து, இடுப்பு உயரத்தில் கை வைத்துத் திறக்கிற மாதிரி ஒரு நீளக் கம்பியில் கொண்டி வைத்தேன். இப்போது அம்மா குனியவே வேண்டியதில்லை.

சின்னச் சின்னப் பொருள்கள்தான் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன. சாமி விளக்கு தரையோடு ஒரு மணையில் இருந்தது, அதைச் சுவர் அலமாரிக்கு மாற்றினோம். நெருப்புக்காக மட்டும் இல்லை, நல்லெண்ணெயில் ஊறிய திரி நாய்க்குத் தின்பண்டம், கற்பூரமோ நஞ்சு. தலையிலிருந்து எடுத்து வைக்கிற பூச்சரம் நாரோடு டீப்பாயில் கிடக்கக் கூடாது. பீரோவின் கீழ்த்தட்டில் புடவைக்கு நடுவே போட்டிருந்த பாச்சா உருண்டை எல்லாம் வெளியே போயிற்று. அம்மாவின் மாத்திரை டப்பா கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கும், அது இப்போது ஜன்னல் மேல். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு ஆகாது, நாமாகக் கொடுக்கவே கூடாது. கொசுவத்திச் சுருளைத் தரையில் வைப்பதை நிறுத்தினோம். எலி மருந்து பற்றிக் கீழ்வீட்டுக்காரர்களிடமும் பேசினேன், மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்கள், சொன்னதும் எடுத்துவிட்டார்கள். ஒயர்களுக்கு பி.வி.சி. கேசிங் பட்டை அடித்தேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஏற்றினேன்.

கூண்டு பழசாக ஒன்று கிடைத்தது, இரண்டரை அடி நீளம், வளர்ந்த டேஷண்டுக்கும் போதும். பழசு என்றாலே பார்வோ பயம், நாய்க்குட்டிகளுக்கு உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கைத் தருகிற வைரஸ் அது. அந்தக் கிருமி பொருள்களில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கும் ஃபினாயிலுக்கும் போவதில்லை. கூண்டை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவைத்து, நன்றாக அலசி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். பிளீச்சோடு டாய்லெட் கிளீனர் ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். அதே பயத்தால் செருப்பு ஸ்டாண்டும் வாசலுக்கு வெளியே போயிற்று, தெருவில் மிதித்ததைச் செருப்பு உள்ளே கொண்டுவரும். கூண்டின் நடுவில் ஒரு பலகையைத் தடுப்பாக வைத்துப் பாதி இடம் மட்டும் விட்டேன். இடம் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் மூத்திரம் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்ளும்.

இனி சாய்தளம். சோஃபா 16 அங்குலம். கட்டில் 20 அங்குலம், அதில் நாய் ஏறுவதே இல்லை என்று தீர்மானித்ததால் கணக்கு ஒன்றுதான். வீட்டில் மூன்றடித் துண்டு 12 மி.மீ. பிளைவுட் இருந்தது, அதையே வைத்துச் செய்தேன். அறுபதாம் நாள் மிளகு வந்தது, எடை 1 கிலோ 900 கிராம். வந்த அன்றைக்கு மாலையே சாய்தளத்தில் பாதி ஏறிவிட்டு அப்படியே உறைந்து நின்றுகொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, நான்கு காலும் நடுங்கின. தூக்கி இறக்கிவிட்டு டேப்பை எடுத்தேன். 36 அங்குல நீளத்தில் 16 அங்குலம் ஏறினால் சாய்வு 26 டிகிரி. நமக்குச் சின்ன மேடு, அதன் காலுக்கு அது சுவர். பிளைவுட் கடையில் ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலம் வெட்டி வாங்கினேன். அதில் சாய்வு 15, 16 டிகிரிதான். நீளம் கூடினால் நடுவில் தொய்யும், தொய்வை நாய் உடனே உணர்ந்து பின்வாங்கிவிடும், அதனால் அடியில் நீளவாக்கில் இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தேன். மேல்முனைக்கு இரண்டு கட்டைக்கால். கீழ்முனை தரையில் உட்காரும் இடத்தை உளியால் சரித்துவிட்டேன், இல்லாவிட்டால் அரை அங்குலப் படி நிற்கும். மேலே ஒட்டியது வேறொரு பழைய ஜமக்காளத்தின் கிழிந்த பாதி. வெள்ளை ஃபெவிகால் தடவி, மேலே அரிசி மூட்டையையும் அம்மிக்கல்லையும் வைத்து ஒரு இரவு விட்டேன். ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் துணிப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை, பிய்த்தால் முதலில் வயிற்றுக்குள் போவது அதுதான்.

புதிய பலகையில் உடனே ஏறிவிடவில்லை. முதல் இரண்டு நாள் சாய்தளத்தைத் தரையில் படுக்கவைத்து, வேகவைத்த கோழியை ஒவ்வொரு அடிக்கும் ஒரு துணுக்காக வைத்து நடக்கவிட்டேன். அப்புறம் ஒரு பக்கம் நான்கு அங்குலம், அப்புறம் எட்டு, ஐந்தாம் நாள் முழு உயரம். அவசரப்பட்டிருந்தால் அந்த முதல் நாள் பயம் அப்படியே தங்கியிருக்கும்.

முதல் இரவு பற்றிக் கொஞ்சம். கூண்டைக் கட்டிலை ஒட்டி என் தலைமாட்டில் வைத்தேன், உள்ளே அந்தப் பழைய துண்டு, தாயின் வாசனையோடு. அழுதது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கம்பி வழியாக விரலை நீட்டி வைத்ததும் அதில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. சின்ன இனக் குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கித் தள்ளாட ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு, கடைசி வேளை இரவு பத்தரைக்கு. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் பால்கனி மூலையில் விரித்த செய்தித்தாளுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

தூக்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது, வீட்டுக்கு வருகிற எல்லாரும், குறிப்பாகக் குழந்தைகள், முன்னங்காலுக்கடியில் கைகொடுத்துத் தூக்குவார்கள், அந்த நீள முதுகு தொங்கும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. இதை மகள் ஒரு அட்டையில் படம் வரைந்து வாசலில் ஒட்டியிருக்கிறாள். மாடிப்படி முழுவதும் நாங்கள் தூக்கிக்கொண்டுதான் போகிறோம், தடுப்பூசி முடிகிற வரை தெருத் தரையில் விடவும் இல்லை. மூன்று மாதம் முடிந்து வெறிநாய்க்கடி ஊசி போட்டதும் அந்தச் சான்றிதழை வைத்து மாநகராட்சி உரிமத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தாயிற்று.

இப்போது ஐந்து மாதம். சாய்தளத்தில் ஏறுகிறது, அதில் குறையே இல்லை, இறங்கும்போதுதான் பாதி வழியில் பக்கவாட்டில் குதிக்கப் பார்க்கிறது, அதுவும் வாசல் மணி அடித்தால். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓரத்திலும் இரண்டரை அங்குல உயரத்துக்கு ரீப்பர் பட்டை அடித்தேன். திங்கட்கிழமை பால்காரர் மணி அடித்தார். மிளகு பட்டையில் இடித்துக்கொண்டு நின்றது, யோசித்தது, அப்புறம் கடைசி வரை நடந்து இறங்கி வாசலுக்கு ஓடியது. இந்த வாரம் பட்டையின் மேல்விளிம்பைக் கடிக்க ஆரம்பித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு அலுமினிய எல்-பட்டை வாங்க வேண்டும்.